முந்நூற்றுப் பன்னிரண்டு தலைகள்

ரங்கூனிலிருந்து வந்த கவரைக் கையில் வாங்கியதுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று நான் பார்க்கவில்லை. கவரின் வாயை ஒட்டியிருந்தது கோந்து. அதுதான் விஷயம். அங்கிருந்து எழுதுகிற சிநேகிதர் பாலசுப்ரமணியன் கோந்து வைத்து ஒட்டுகிற மனிதரே அல்ல. சோறு வடித்ததும் நாலு பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டுகிறவர். மூன்று வருஷமாக அவர் கடிதம் ஒவ்வொன்றிலும் மூலையில் காய்ந்த பருக்கை விரலில் நெருடும். இந்தத் தடவை வழவழவென்று இருந்தது.

"ஏன்னா, இதை யாரோ பிரிச்சுப் படிச்சுட்டு மறுபடியும் ஒட்டியிருக்கா" என்று நீட்டினேன்.

"ரங்கூன்ல அன்னிக்குச் சோறு தீந்துபோச்சோ என்னமோ" என்று சொல்லிவிட்டு இவர் பூதக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

இவர் என்றால் என் ஆத்துக்காரர். சர்க்கார் கணக்கு ஆபீசில் சீனியர் கிளார்க். நாங்கள் கல்கத்தாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பவானிபூரில் எங்களைப் போல் வந்து குடியேறின தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். மற்ற வீட்டு ஆண்கள் சாயங்காலமானால் சீட்டாடுவார்கள், பஜனைக்குப் போவார்கள், சிலர் வங்காளி நாடகம் பார்க்கப் போய் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். எனக்கு வாய்த்தவருக்குப் பிடித்த பைத்தியம் அமெரிக்காக்காரன் நாணயம். ஊர் உலகத்தில் இல்லாத பைத்தியம்!

நாற்பது வருஷத்துக்கு முன்பு சீனாவோடு வியாபாரம் செய்வதற்கென்றே அமெரிக்காவில் பெரிய வெள்ளி டாலர் அடித்தார்களாம். பிறகு அவர்கள் ஊரிலேயே அது செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். சீனாவில் கை மாறும்போது ஒவ்வொரு வியாபாரியும் அதில் தன் முத்திரையைக் குத்துவான். அப்படிக் குத்துப்பட்டுக் கப்பலேறி, சிங்கப்பூர், ரங்கூன் என்று சுற்றி, கடைசியில் படாபஜாரில் நாணயம் மாற்றுகிறவர்களின் கடைகளில் வந்து விழும். அவர்கள் அதை உருக்கிவிடுவார்கள். உருக்குவதற்கு முன்னால் ஓடிப்போய் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இவருடைய தவிப்பு.

அந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் மூட்டைகளின் மேல் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். அவள் இடது கையில் ஒரு நாடா. அதில் லிபர்ட்டி என்று எழுத்து. மறுபக்கத்தில் கழுகு. நாடாவின் நுனி சில நாணயங்களில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது, சிலவற்றில் கீழே தொங்குகிறது என்று இவர் தானாகவே கண்டுபிடித்தார். எந்த வருஷத்தில் மாறியது, எந்த ஊர்த் தங்கசாலையில் முதலில் மாறியது? இதுதான் ஏழு வருஷமாக ஆராய்ச்சி. ஒரு நாடா எந்தப் பக்கம் திரும்பினால் நமக்கென்ன என்று கேட்டால் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

வாங்கி வைத்திருந்தது பதினொன்றுதான். ஆனால் பார்த்தது முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் வருஷம், எடை, நாடாவின் நுனி, சீனாக்காரன் முத்திரை என்று பென்சிலால் படம் போட்டு எழுதிவைத்திருந்தார். பிலடெல்பியாவில் இருக்கிற ஒரு நாணயச் சங்கத்துக்கு எழுதியதில், பட்டியலை அனுப்புங்கள், எங்கள் பத்திரிகையில் போடுகிறோம் என்று பதில் வந்திருந்தது. அந்தக் கடிதத்தை எத்தனை நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்து, கடைசியில் சட்டையோடு வண்ணானுக்குப் போட்டுக் கூழாக்கினார் தெரியுமா! நோட்டைத் தமிழிலிருந்து இங்கிலீஷில் எழுத வேண்டியதுதான் பாக்கி.

தமிழிலிருந்து என்றேனே, அங்கேதான் சனியன் பிடித்தது. இவரும் ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் பாலசுப்ரமணியனும் ஒரு சபதம் செய்துகொண்டிருந்தார்கள். ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷ், தெருவில் வங்காளி, பால்காரனிடம் இந்தி. நாணய விஷயமாவது சுத்தத் தமிழில் இருக்கட்டும், ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட உள்ளே வரக் கூடாது. ஆகவே லிபர்ட்டி சுதந்திரம் ஆயிற்று. நாணயத்தின் முகம் தலை ஆயிற்று. வெள்ளி நிஜமா போலியா என்று ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிற நைட்ரிக் ஆசிட், வெடியுப்புத் திராவகம் ஆயிற்று. ஊரெல்லாம் மணிப்பிரவாளம் எழுதுகிறது, இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தமிழ்ப்பற்று பொங்கி வழிந்தது!

அது இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம், ஆடி மாசம். வெள்ளைக்காரர்களைக் கொல்லக் குண்டு செய்தார்கள் என்று அலிப்பூர் கோர்ட்டில் நடந்த வழக்கு முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தெருவுக்கு இரண்டு வீட்டில் போலீஸ் சோதனை நடந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டு வங்காளி மாமியை பௌதி, அதாவது மன்னி, என்று கூப்பிடுவேன். அவள் தங்கை பிள்ளை காலேஜிலிருந்து ஏதோ திராவகப் பாட்டிலை எடுத்துவந்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு மாசமாக எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. சோதனை போட்டபோது தலையணையைக் கிழித்தார்கள், அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள் என்று பௌதி சொல்லிச் சொல்லி அழுவாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பேன். இவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். சந்தேகம் வந்தால் வேலை போவது ஒருபுறம், ஆளையே அந்தமானுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

கவர் வந்த நாலாம் நாள், காலை பதினோரு மணிக்குச் சந்தானம் வந்தான். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற பையன். அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் தமிழ்க் காகிதங்களை இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுக்கிற வேலை. வந்தால் காபிக்காகவே வருகிறவன், அன்றைக்குக் காபியைத் தொடவில்லை.

"அண்ணா இல்லையா, மன்னி?"

"ஆபீஸ் நாள்ல பதினோரு மணிக்கு இருப்பாரா? நீ ஏன் போகல்லை?"

"வயத்துவலின்னு சொல்லிட்டு வந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "மன்னி, ஆத்துல வெடியுப்புத் திராவகம் இருக்கா?"

நான் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"பதினஞ்சு நாள் முன்னால ஒரு கடுதாசியோட நகலைக் குடுத்தா. பேரு, விலாசம் ஒண்ணும் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துட்டேன். 'சுதந்திரத்துக்கு நல்ல தலை வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு தலை பார்த்தாகிவிட்டது. பட்டியல் தயார். வெடியுப்புத் திராவகம் விட்டுப் பார்த்தேன், நிற்கிறது.' துரை படிச்சுட்டு நாற்காலியை விட்டே எழுந்துட்டார், மன்னி."

"அடப் பாவி! அது காசுடா! காசோட தலைடா!"

"இப்பத் தெரியறது. அண்ணா ரங்கூனுக்கு எழுதினதுன்னு இன்னிக்குக் காலம்பர ஃபைல் மேல பாத்தேனோல்லியோ, உசிரே போயிடுத்து. அண்ணாவுக்கு நாணயப் பைத்தியம்னு தெரியும். இப்படியெல்லாம் எழுதுவார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போய்த் தப்பா எழுதிட்டேன்னு சொல்லேன்!"

"ரெண்டு தரம் துரை ரூம் வரைக்கும் போனேன். வாய் வரல்லை." அவன் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. "இன்னிக்கோ நாளைக்கோ சோதனை போட வருவா. நான் வந்து சொன்னேன்னு தெரிஞ்சா என்னையும் சேத்து உள்ள தள்ளிடுவா. அண்ணாகிட்டகூடச் சொல்லாதீங்கோ. அவர் மனசுல ஒண்ணும் தங்காது, நடுத்தெருவுல நின்னு எனக்குத் தேங்க்ஸ் சொல்லுவார். சத்தியம் பண்ணுங்கோ, மன்னி."

அவனுக்குக் கல்யாணமாகி ஐந்து மாசம். காளிகாட் கோவில் இருக்கிற திசையைக் காட்டினான். அந்தப் பக்கம் பார்த்துச் சத்தியம் செய்தேன்.

அவன் போனதும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். ஏழு வருஷமாக அதைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன், பிரித்துப் படித்ததில்லை. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'சுதந்திரம்' என்று தலைப்பு. அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் தலை. தேய்ந்த தலை, வெட்டுப்பட்ட தலை, கழுத்தில் குத்துள்ள தலை. படிக்கப் படிக்க எனக்கே அது கொலைப் பட்டியல் மாதிரித்தான் தோன்றியது. போலீஸ்காரன் படித்தால் என்ன நினைப்பான்? அரிசி டின்னில் ஒளிக்கலாமா என்று பார்த்தேன். பௌதி வீட்டு அரிசியெல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தது ஞாபகம் வந்தது.

கரி அடுப்பில் இன்னும் தணல் இருந்தது. நாலு நாலு பக்கமாகக் கிழித்துப் போட்டேன். சீக்கிரம் எரியவும் இல்லை, பாழாய்ப்போன நோட்டு! நல்ல காகிதமாகப் பார்த்து வாங்கியிருந்தார். திராவகத்தைச் சாக்கடையில் ஊற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டேன். பதினொரு நாணயங்களை மட்டும் தொடவில்லை. வெள்ளியைத் தூக்கி எறிய எந்தப் பெண்பிள்ளைக்கு மனசு வரும்? நாணயம் வைத்திருப்பது குற்றமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்கு இவர் நனைந்த குடையோடு வந்தார். சத்தியம் செய்திருக்கிறேன். சந்தானம் பெயரை எடுக்காமல் எப்படி ஆரம்பிப்பது?

"அந்தக் கோந்துக் கவர் நெனப்பாவே இருக்குன்னா. போலீஸ் வந்து நிக்கப்போறதோன்னு பயமா இருக்கு."

"வந்தா வரட்டுமே." சட்டையைக் கழற்றி மாட்டியபடி சர்வ சாதாரணமாகச் சொன்னார். "நோட்டை எடுத்துக் காட்டினா பத்து நிமிஷத்துல தீந்தது. பக்கத்துக்குப் பக்கம் படம், வருஷம், எடை. அது நாணயம்னு கைக்குழந்தைக்குக்கூடப் புரியும். அந்த நோட்டு இருக்கறவரைக்கும் நமக்கு என்னடி பயம்?"

ஐயோ! அந்த எண்ணம் எனக்குத் தோன்றவே இல்லையே! காலையிலிருந்து போலீஸ்காரனின் கண்ணால் எழுத்தைப் பார்த்தேனே தவிர, படத்தைப் பார்த்தேனா? இவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஒரு இன்ஸ்பெக்டர், வங்காளி, நாற்பது வயசிருக்கும். இரண்டு கான்ஸ்டபிள். அவர்களுக்குப் பின்னால், மொழிபெயர்ப்புக்கென்று இழுத்துவரப்பட்ட சந்தானம், சுவரைப் பார்த்தபடி நின்றான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பௌதியின் புண்ணியத்தில் எனக்கு வங்காளி நன்றாகவே புரியும்.

"மஹாதேப் பாபு, முந்நூற்றுப் பன்னிரண்டு தலைகளின் பட்டியல் எங்கே?" என்று இன்ஸ்பெக்டர் இவர் பெயரை வங்காளி உச்சரிப்பில் சொல்லிக் கேட்டார்.

இவர் சிரித்தார். போலீஸைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்! "தலைகளா? ஐயா, அது நாணயம். இதோ பாருங்கள்" என்று பதினொன்றையும் எடுத்து மேஜையில் பரப்பினார்.

"இவை பதினொன்று. கடிதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு."

"மற்றதெல்லாம் கடைகளில் பார்த்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஒரு நிமிஷம்."

அலமாரி திறக்கும் சத்தம். புஸ்தகங்களை நகர்த்தும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. இவர் சமையலறை வாசலுக்கு வந்தார். அடுப்பில் மலையாகக் குவிந்திருந்த காகிதச் சாம்பலைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

"நோட்டு இல்லை. எரித்துவிட்டேன்" என்று இவர் குரல் கேட்டது.

"யார் எரித்தது?"

"நான்தான்."

"எப்போது?"

"இன்றைக்கு."

"பார்த்துப் பார்த்து எழுதியதை இன்றைக்கு ஏன் எரித்தீர்கள்?" இன்ஸ்பெக்டரின் குரலில் அதுவரை இருந்த மரியாதை போய்விட்டது. "நாங்கள் வருவோம் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

கதவிடுக்கில் சந்தானத்தின் முகம் தெரிந்தது. அதில் ரத்தமே இல்லை. இவருக்குப் பதில் தெரியாது, தெரியாததால் நின்றார். பார்க்கிறவர்களுக்கு அது எதையோ மறைத்துக்கொண்டு நிற்பதாகத்தான் தெரியும்.

"கிளம்புங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். இவர் மாட்டிய சட்டையை மறுபடியும் எடுத்தார்.

நான் வெளியே வந்துவிட்டேன். அந்நிய ஆண்பிள்ளைகள் மூன்று பேர் எதிரில், தலைப்பைக்கூட இழுத்துவிடாமல் வந்தேன்.

"அவர் பொய் சொல்கிறார். எரித்தது நான்" என்று வங்காளியில் சொன்னேன். யார் சொல்லி எரித்தாய் என்று அடுத்த கேள்வி வருவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"யாரும் சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் எரித்தேன். பதினோரு வருஷமாக இந்த மனிதரோடு குப்பை கொட்டுகிறேன். சனிக்கிழமை படாபஜார், ஞாயிற்றுக்கிழமை கிதிர்பூர்க் கப்பல்துறை. வீட்டுக்கு வந்தால் பூதக்கண்ணாடி. அந்த வெள்ளிக்காரி கையில் இருக்கிற நாடா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முந்நூறு தடவை பார்த்தவர், நான் என்ன புடவை கட்டியிருக்கிறேன் என்று ஒருநாள் பார்த்திருப்பாரா? ஒன்பது நாள் ஜுரத்தில் கிடந்தேன். என் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை, அவள் கழுத்தில் எத்தனை குத்து இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஒருத்தி இருக்கிறேன் என்றே இவருக்குத் தெரியாது. எரித்தேன். ஏழு வருஷத்தையும் எரித்தேன். என்னைக் கொண்டுபோங்கள்!"

பொய்யாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் எது பொய், எது நிஜம் என்று எனக்கே பிடிபடவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அழுகையை நான் வரவழைக்கவில்லை.

ஒரு கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இன்ஸ்பெக்டர் ஒரு நாணயத்தை எடுத்து விளக்கருகில் பிடித்து, லிபர்ட்டி என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சந்தானத்தைப் பார்த்தார்.

"உங்கள் பாஷையில் நாணயத்தின் முகத்தைத் தலை என்பதுண்டா?"

சந்தானம் சுவரை விட்டுத் திரும்பினான். "உண்டு, ஐயா. பூவா தலையா என்று சுண்டிப் போடுவோம்."

"அதை ஏன் அன்றைக்கே எழுதவில்லை?"

"அன்றைக்குத் தோன்றவில்லை, ஐயா. தப்பு என்னுடையது." ஒருவழியாகச் சொல்லிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் நாணயத்தை மேஜையில் வைத்தார். "நான் புறா வளர்க்கிறேன்" என்றார் கடைசியில். "என் மனைவி இதையேதான் சொல்கிறாள். கூண்டுக்கு இன்னும் தீ வைக்கவில்லை, அவ்வளவுதான்." நாணயங்களை ஒரு பையில் போட்டு ரசீது எழுதிக் கொடுத்தார். விசாரணை முடிகிறவரை ஊரைவிட்டுப் போகக் கூடாது, ரங்கூனுக்கு எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சந்தானம் என் பக்கம் திரும்பவே இல்லை.

கதவைச் சாத்திவிட்டு இவர் அங்கேயே நின்றார்.

"ராஜம், அவ்வளவு கோவமா உனக்கு?"

இல்லை, உங்களுக்காகப் பயந்து எரித்தேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏன் இன்றைக்குப் பயந்தாய் என்பார். சந்தானம் வந்ததைச் சொல்ல வேண்டிவரும். விசாரணை இன்னும் தலைக்குமேல் தொங்குகிறது. இவருக்கோ ரகசியம் வைத்துக்கொள்ளத் தெரியாது. இன்ஸ்பெக்டர் இன்னொரு தரம் அதட்டிக் கேட்டால் முகமே சொல்லிவிடும்.

"ம்" என்றேன்.

இவர் தலையை ஆட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியாம போச்சே" என்றார்.

இது நடந்து மூன்று மாசம் ஆகிறது. விசாரணை முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. நாணயங்கள் திரும்பி வந்தன. இவர் பையைப் பிரிக்காமலேயே டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். பட்டியல் என்ன ஆயிற்று என்று கேட்டு பிலடெல்பியாவிலிருந்து கடிதம் வந்தது. இனி பட்டியல் ஏது? அந்த முந்நூறையும் கடைக்காரர்கள் எப்போதோ உருக்கிவிட்டார்கள். அவை இருந்ததற்கு அடையாளம் அந்த நோட்டு ஒன்றுதான். ஏதும் அனுப்புவதற்கில்லை, மன்னிக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தார். என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. திட்டித் தொலைத்திருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும்.

இப்போதெல்லாம் ஐந்தரைக்கு நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறார். காளிகாட்டிலிருந்து பூ வாங்கிவருகிறார். புடவை நன்றாக இருக்கிறது என்கிறார். நேற்றுச் சொன்ன அதே புடவையைத்தான் இன்றைக்கும் சொல்கிறார். லேசாகத் தும்மினால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். காபி குடித்துவிட்டு எனக்கு எதிரில் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்காருகிறார். அந்தக் கைகளுக்கு ஒரு வேலையும் இல்லை. படியில் யாராவது ஏறினால் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறோம். சத்தம் மேல்மாடிக்குப் போய்விட்டால் மறுபடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

கோபத்தில் எரிக்கவில்லை, பயத்தில்தான் எரித்தேன் என்று சொல்லிவிடலாமென்று தினமும் ஒரு தடவையாவது நான் வாயைத் திறக்கிறேன். "சொல்லு, ராஜம்" என்று இவர் ஆவலாக முன்னால் நகர்ந்து உட்காருகிறார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன்.